அத்தாவுக்குப் படித்த கதைகள்

(அறக்கட்டளையின் ஆண்டுக் கூட்டத்தை ஒட்டி மார்க்கையன்கோட்டையில் நடந்த மகளிர் அமர்வில், ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



என் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கிய இருவரும் இங்கே வந்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். இன்றைக்கும் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நல்ல நாவல்களை வீட்டிலிருந்தே வாசித்துப் பதிவு செய்து, படிக்க முடியாதவர்களுக்குக் கேட்கக் கொடுக்கும் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இதில் நான் பெரிய ஆள் இல்லை. எங்கள் அத்தாவுக்காகத் தொடங்கினேன், அவ்வளவுதான். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அத்தா சின்னமனூரில் நெல் கமிஷன் கடை வைத்திருந்தார். பகலெல்லாம் மூட்டைக் கணக்கு. இஷா தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டால், பிறகு புத்தகம்தான். அவருடைய அறுபத்தி இரண்டாம் வயதில், வாசற்படியில் பக்கவாட்டில் நிற்கும் ஆளை இடித்துக்கொண்டு போக ஆரம்பித்தார். கண்ணாடியை மாற்றினால் சரியாகும் என்று நாங்களும் இருந்துவிட்டோம். மதுரைக்குக் கூட்டிப்போனபோது கிளாக்கோமா என்றார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெடுகிற நோய். ஓரங்களிலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வரும், வலி பெரும்பாலும் இருக்காது, போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து. இங்கே நாற்பது வயது தாண்டியவர்கள், குறிப்பாக வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தவர்கள், தயவுசெய்து கண் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பேச வந்த விஷயம் இதுவல்ல. ஆனாலும் இதைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு வருடத்தில் அவருக்கு எழுத்து தெரியவில்லை. சோறு தண்ணீருக்கு அவர் யாரையும் கஷ்டப்படுத்தவில்லை. புத்தகம் இல்லாததுதான் அவரை வாட்டியது. ராத்திரி நான் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். முதல் நாளே நிறுத்தச் சொல்லிவிட்டார். "ஏம்மா, பாடம் நடத்தாதே. கதையைச் சொல்லு" என்றார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் குரலை உயர்த்தியே பழகிவிட்டேன். வகுப்பில் நாற்பது பேருக்குக் கேட்க வேண்டும், அத்தாவோ கட்டிலில் ஒரு முழம் தள்ளி இருக்கிறார். இந்த வேலையில் நான் படித்த முதல் பாடம் அதுதான்: ஒரே ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார் என்று நினைத்துப் படிக்க வேண்டும்.

நான் பள்ளிக்குப் போய்விட்டால் பகல் முழுக்க அவர் சும்மா இருப்பார். அதனால் ராத்திரி படிப்பதை அப்படியே போனில் பதிந்து, மெமரி கார்டில் ஏற்றி, பட்டன் போனில் போட்டுக் கொடுத்தேன். பட்டன் போனில் ஐந்தாம் எண் மேல் சின்னதாக ஒரு மேடு இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அதை விரலால் தடவி, அங்கிருந்து எண்ணி எல்லாப் பட்டனையும் கண்டுபிடித்துக்கொள்வார். நான் சாயங்காலம் வந்தால் விமர்சனம் தயாராக இருக்கும். "பதினோராம் அத்தியாயத்தில் நம்ம வீட்டுச் சேவல் ரெண்டு தடவை கூவுது. சோழர் காலத்துச் சேவல்னு நினைச்சுக்கிட்டேன்" என்பார்.

இதை நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு தேடிப் படித்தபோதுதான் இதற்கு நீண்ட சரித்திரம் இருப்பது தெரிந்தது. ஒலியைப் பதியும் கருவியை 1877-இல் செய்த எடிசன், அடுத்த வருடமே அதை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஒரு பட்டியல் எழுதினார். பார்வையற்றவர்களுக்குப் பேசும் புத்தகம் என்பது அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் அது நடக்க ஐம்பது வருடத்துக்கு மேல் ஆனது. முதல் உலகப் போரில் கண் போன சிப்பாய்கள் ஏராளம். வளர்ந்த ஆளாகி பிரெயில் புள்ளிகளை விரலால் படிக்கப் பழகுவது எல்லோருக்கும் கைகூடவில்லை. அவர்களை மனதில் வைத்து 1935 நவம்பரில் பிரிட்டனில் பேசும் புத்தகங்களை அனுப்பத் தொடங்கினார்கள். அகதா கிறிஸ்டியின் ஒரு துப்பறியும் நாவலும் ஜோசப் கான்ராடின் ஒரு கடல் கதையும் முதலில் போனவற்றில் உண்டு. ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் 25 நிமிடம் ஓடும். ஒரு நாவல் முடிய பத்துத் தட்டு போல வேண்டும். இன்றைக்கு நகத்தளவு கார்டில் நூறு நாவல் அடங்குகிறது.

வீட்டிலிருந்தபடி யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற ஏற்பாடு 2005-இல் வந்தது. கனடாவில் மொன்றியல் நகரத்தைச் சேர்ந்த ஹியூ மெக்குவயர் என்பவர் அந்த ஆகஸ்டு மாதம் லிப்ரிவாக்ஸ் என்று ஒன்றைத் தொடங்கினார். உரிமைக்காலம் முடிந்த ஒரு நாவலை ஆளுக்கு ஒன்றிரண்டு அத்தியாயமாகப் பிரித்துப் படிப்போமா என்று கேட்டார். முதலில் முடித்ததும் கான்ராடின் நாவல்தான், 'தி சீக்ரெட் ஏஜென்ட்'. இன்றைக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அங்கே இருக்கின்றன. படித்தவர் யாருக்கும் சம்பளம் கிடையாது, கேட்பவருக்கும் கட்டணம் கிடையாது. குரல் தேர்வும் இல்லை. ஒரு நிமிடம் பதிந்து அனுப்பச் சொல்வார்கள். சத்தம் தெளிவாக இருக்கிறதா, இரைச்சல் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். உச்சரிப்பு எந்த ஊர் வாடையில் இருந்தாலும் சரி. ஒருவர் படித்ததை இன்னொருவர் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்டு, விட்டுப்போன வரி, இரண்டு தடவை வந்த வரியை நேரத்தோடு குறித்துத் தருவார். அதுவும் தொண்டுதான். குரல் கொடுக்கத் தயங்குகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள், இதற்குத் திரும்ப வருகிறேன்.

நமக்கும் இது ஒன்றும் புதிதல்ல. என் நன்னிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அரபுத் தமிழ் படிப்பார், அதுவும் மெதுவாக. கிஸ்ஸாவும் முனாஜாத்தும் நாமாவும் அவருக்குக் காதால் வந்தவை. தெருவில் வாசிக்கத் தெரிந்த பெண் ஒருவர் இருப்பார். அவர் உட்கார்ந்து ராகம் போட்டுப் படிக்க, சுற்றிலும் பத்துப் பேர் அரிசி புடைத்துக்கொண்டு கேட்பார்கள். சீறாப்புராணத்தை அச்சில் பார்த்தவர்களைவிடக் காதில் கேட்டவர்கள்தான் நம் குடும்பங்களில் அதிகம் இருந்திருப்பார்கள். டி.வி. வந்ததும் அந்த உட்காரல் போய்விட்டது.

தமிழில் என்ன படிப்பது என்று கேட்பீர்கள். மாயூரம் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வந்தது, தமிழின் முதல் நாவல் என்பது அதுதான். அதற்கு ஆறே வருடம் கழித்து, 1885-இல் வந்தது 'அசன்பே சரித்திரம்'. எழுதியவர் இலங்கை கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெப்பை. 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை நடத்தியவர், முஸ்லிம் பிள்ளைகளின் படிப்புக்காகப் பாடுபட்டவர். எகிப்தில் பிறந்த ஒரு பிள்ளை கடத்தப்பட்டு பம்பாய் வந்து சேர்கிற கதை. தமிழின் ஆரம்ப நாவல்களில் ஒன்றை எழுதியவர் ஒரு முஸ்லிம் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நானே முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகுதான் அதை முழுதாகப் படித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

பழைய உரைநடையை உரக்கப் படிப்பது கஷ்டம். வாக்கியம் இறங்கி ஏறி அரைப் பக்கம் போகும். மூச்சு நடுவில் நின்றுவிடும். நான் பென்சிலால் மூச்சு விடும் இடங்களில் சின்னக் கோடு போட்டுக்கொள்வேன். இதில் மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தினால் பொருள் கெடும் என்று உஸ்தாத் சொல்லிக்கொடுத்திருப்பார். எழுத்து தொண்டையில் எங்கே பிறக்கிறது, நாக்கு எங்கே தொடுகிறது என்று மக்ரஜ் பழகிய வாய்க்கு ழகரம் ஒரு பெரிய காரியமா? ஆனால் நம் பிள்ளைகள் அரபியில் ஓர் எழுத்தைக் கூடத் தவறவிட மாட்டார்கள், வெளியே வந்ததும் 'வாளைப்பளம்' என்பார்கள். வாழைத் தோட்டத்துக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்துவிட்டு!

இப்போது நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். அத்தாவுக்கு மிகவும் பிடித்த ஒரு நாவல், எழுதியவர் அப்போது உயிரோடு இருந்தவர். முழுவதையும் பதிந்தேன். அத்தா கேட்டதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. நன்றாக இருக்கிறதே என்று சொந்தக்காரர்கள் குழுவில் போட்டேன். அங்கிருந்து சவூதி போய், துபாய் போய், ஆறு மாதத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்தே எனக்குத் திரும்பி வந்தது. பிறகு அந்த எழுத்தாளரின் வீட்டிலிருந்து போன் வந்தது. கோபப்படவில்லை. "கேட்டிருந்தால் கொடுத்திருப்போமே டீச்சர்" என்று மட்டும் சொன்னார்கள். திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது. பக்கத்து வீட்டுக் கொல்லையில் கேட்காமல் ஒரு கறிவேப்பிலை பறித்தாலே ஹக்கு என்று பேசுகிறோம். ஒருவர் பல வருடம் உட்கார்ந்து எழுதியதைக் கேட்காமல் ஊருக்கெல்லாம் விநியோகித்துவிட்டு, அதை நன்மை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். நம் நாட்டில் எழுத்தாளர் இறந்த வருடத்துக்குப் பிறகு 60 ஆண்டுகள் அவருடைய வாரிசுகளுக்கு உரிமை. கல்கி 1954-இல் காலமானார், அதனால் 2014-உடன் அந்தக் காலம் முடிந்தது. அதற்கு முன்பே தமிழக அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியும்விட்டது. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் இருக்கிறார். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவர், 1938-இல் 'காதலா? கடமையா?' என்று நாவல் எழுதி உ.வே.சாமிநாதையரிடம் முன்னுரை வாங்கியவர். அவர் 1998-இல் வஃபாத்தானார். கணக்குப்படி 2058 முடியும்வரை குடும்பத்தாரின் அனுமதி வேண்டும். எழுதிய வருடத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது, இறந்த வருடத்தைத்தான் பார்க்க வேண்டும். லிப்ரிவாக்ஸில் போடுவதென்றால் இன்னொரு கணக்கு. அது அமெரிக்கச் சட்டப்படி நடப்பது. அங்கே பழைய நூல்களுக்கு வெளியான வருடத்திலிருந்து 95 ஆண்டு பார்ப்பார்கள். இங்கே தடையில்லாத நூல் அங்கே தடையாக இருக்கலாம். பழைய நாவலின் புதிய பதிப்பில் இருக்கும் முன்னுரையும் குறிப்புகளும் வேறொருவருடையவை. அவற்றை விட்டுவிட்டு மூலத்தை மட்டும் படிக்க வேண்டும்.

இதில் நம் அறக்கட்டளை கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2013-இல் மொரோக்கோவின் மராக்கெஷ் நகரத்தில் ஓர் உலக ஒப்பந்தம் ஏற்பட்டது. பார்வையற்றோரும் அச்சைப் படிக்க முடியாதோரும் அனுபவிக்கும் புத்தகப் பஞ்சத்தைப் போக்க, உரிமையுள்ள நூல்களையும் அவர்களுக்கான வடிவத்தில் மாற்றிக்கொடுக்கலாம் என்பது அது. 2014-இல் அதை முதலில் உறுதி செய்த நாடு நம் இந்தியா. அதற்கு முன்பே, 2012-இல் நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் இதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள். லாபநோக்கு இருக்கக்கூடாது. ஆக்கும் செலவுக்கு மேல் வாங்கக்கூடாது. மாற்றுத்திறனாளிகள் மட்டுமே பயன்படுத்துகிறார்கள் என்று உறுதி செய்ய வேண்டும். வருமானவரிச் சட்டப்படி பதிவு செய்து மாற்றுத்திறனாளிகளுக்காக உழைக்கும் அமைப்புகள் இதைச் செய்யலாம். வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிட்டு நிர்வாகிகள் முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்புவது இதற்குள் வராது. அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

உத்தமபாளையம் பக்கத்தில் பார்வையில்லாத ஒரு மாணவி கல்லூரியில் படிக்கிறாள். அவளிடம் பெருமையாகப் போய், உனக்கு என்ன நாவல் படித்துத் தரட்டும் என்று கேட்டேன். "நாவல் அப்புறம் டீச்சர். பரீட்சைக்குப் பாடப் புத்தகம் யாராவது படிச்சுத் தருவாங்களா?" என்றாள். போன் படித்துக் காட்டுமே என்றேன். படிக்கும்தான். அவள் அதை நாம் ஒரு சொல்லும் பிடிக்க முடியாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாள். ஆனால் போட்டோ பிடித்தது போன்ற ஜெராக்ஸ் நோட்ஸையும் மங்கிய பழைய அச்சையும் வைத்தால் அந்த இயந்திரம் உளறுகிறது. "பாடத்துக்கு மிஷின் போதும், கதைக்கு ஆள் வேணும்" என்றும் சொன்னாள். ஆக, நம் பட்டியலில் பாடப் புத்தகத்தை முதலில் போட்டிருக்கிறேன். கதை பிடித்தவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

பதிவு செய்வதற்கு ஸ்டூடியோ வேண்டாம். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதைப் பார்த்து உட்காருங்கள். துணி எதிரொலியைக் குடித்துவிடும். வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள ஹாலில் படித்தால் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்கும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். சித்திரை மாதத்தில் இது ஒரு தியாகம்தான். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். வாய்க்கு நேராக வைக்காமல் ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள், 'ப' வரும்போதெல்லாம் வெடிக்காது. தப்பாகப் படித்துவிட்டால் நிறுத்த வேண்டாம், கையை ஒருமுறை தட்டிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து படியுங்கள். பிறகு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் கைதட்டல் ஊசிபோல நிமிர்ந்து நிற்கும், அங்கே வெட்டிக்கொள்ளலாம். எனக்குப் பத்து நிமிடப் பதிவுக்கு எல்லாமாகச் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகிறது. ஆரம்பத்தில் இரண்டு மணி நேரம் ஆனது. நல்ல நேரம் சுபுஹுக்குப் பிறகு, ரோட்டில் டிராக்டர் வருவதற்கு முன்பு. அதற்குள் சேவலை மட்டும் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு மாமி என்னிடம் தனியாகக் கேட்டார்: "பொம்பளைப் பிள்ளைங்க குரலை ஊரெல்லாம் கேக்குற மாதிரி போடலாமா?" நியாயமான கேள்வி. அதைச் சிரித்து ஒதுக்க நான் தயாராக இல்லை, மார்க்க விளக்கம் சொல்லவும் நான் ஆள் இல்லை. அது ஒவ்வொரு வீட்டாரும் பேசி முடிவு செய்ய வேண்டியது. குரல் வெளியே போக வேண்டாம் என்றால், சொன்னேனே, கேட்டுத் திருத்தும் வேலை இருக்கிறது. அந்த வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. பெயர் போடாமல், புனைபெயரில் படிப்பவர்களும் உண்டு. வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு மட்டும் பதிந்து கொடுத்தாலும் போதும். நான் மூன்று வருடம் அதைத்தான் செய்தேன். ஆண்களும் படிக்கலாம், அவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லையே! இஷாவுக்குப் பிறகு டீக்கடையில் பேசும் பேச்சில் பாதியைப் பதிந்தாலே நாலு நாவல் முடிந்திருக்கும்.

மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்தார்கள். போக முடிந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்வாருங்கள். போக முடியாதவர்களுக்குத்தான் இந்தக் கார்டு.

வரும் ஞாயிற்றுக்கிழமை அசருக்குப் பிறகு இதே கூடத்தில் இருப்பேன். ஆளுக்கு ஒரு நிமிடம், கையில் இருக்கிற எந்தப் புத்தகமானாலும் சரி, படித்துப் பதிந்து பார்ப்போம். மாணவியின் பாடப் புத்தகம் இரண்டு, அதை நான்கு பேருக்குப் பிரிக்க வேண்டும். பிறகு அசன்பே.

இன்னொன்றும் இருக்கிறது. அத்தாவுக்காக நான் 'பொன்னியின் செல்வன்' பதிந்துகொண்டிருந்தேன். ஐந்து பாகம், மொத்தம் 293 அத்தியாயம். அவர் சின்ன வயதில் அதை இரண்டு தடவை படித்தவர், முடிவெல்லாம் தெரியும். இருந்தாலும் தினமும் "அடுத்தது எங்கே?" என்று கேட்பார். ஐந்தாம் பாகத்தில் முப்பத்தி ஒன்பதாம் அத்தியாயம் கேட்ட வாரத்தில் வஃபாத்தானார். அதற்குமேல் நான் பதியவில்லை. பலமுறை புத்தகத்தை எடுத்து பீரோ முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், முடியவில்லை. அந்தக் கார்டை இப்போது எங்கள் தெருவில் மூன்று பெரியவர்கள் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். அவர்களில் ஒருவர் போன வாரம் நாலாம் பாகத்தை முடித்துவிட்டார். நாற்பதாம் அத்தியாயத்திலிருந்து படிக்க யாராவது வேண்டும்.